மூன்று கால் ஓநாயைப் பற்றிய கருத்து

நீலாவதி தன் வாழ்நாளில் ஓநாயைக் கண்டவளில்லை. மலாயாவில் கோலா கிளாவாங் போகிற மலைச்சாலையில், அவள் ரப்பர்ப் பால் வெட்டுகிற பாறைக்கட்டுத் தோட்டத்தில் புலி உண்டு, பன்றி உண்டு, துரை வீட்டில் தின்று கொழுத்த நாய்கள் இரண்டு உண்டு. ஓநாய் மட்டும் கிடையாது. ஆனாலும் அந்த ஐம்பத்திரண்டாம் வருஷத்திலிருந்து மாரியம்மனுக்குக் கற்பூரம் ஏற்றும்போதெல்லாம் ஓநாய்க்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டுவிடுவாள். யார் கேலி செய்தாலும் அவள் கூச்சப்பட்டதில்லை. நன்றி சொல்வதற்கு ஆள் பார்க்கக்கூடாது என்பது அவள் கட்சி.

அதற்கு முன்பு அந்த ஓநாய்களின் பெயரைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். வந்த வழி அப்படி.

அவசரகாலம் வந்ததும் சிதறிக் கிடந்த லயத்து வீடுகளையெல்லாம் ஒரே இடத்தில் நெருக்கிப்போட்டுச் சுற்றிலும் முள்கம்பி அடித்தார்கள். காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேரக்கூடாதென்று ஒரு பிடி அரிசியைக்கூடத் தோட்டத்துக் கேட்டுக்கு வெளியே விடமாட்டார்கள். வெறும் வயிற்றோடு பால்மரம் வெட்டிவிட்டு நண்பகலுக்குத் திரும்பி வந்துதான் சாப்பாடு. தோட்டத்து வாசகசாலையில் இருந்த புத்தகங்களைப் பரிசோதனைக்கென்று லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போனது போனதுதான்.

வாசகசாலையைக் கவனித்துவந்த சின்னக் கிராணி, ஆபீசில் கணக்கெழுதும் சிவானந்தன், யாழ்ப்பாணத்துக்காரர். நாற்பது வயது, கல்யாணம் இல்லை, காலி அலமாரியைப் பார்த்தால் அவருக்குச் சோறு இறங்காது. சிரம்பானில் ஒரு கடையில் விற்காமல் தேங்கிக் கிடந்த கட்டு ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தார். சென்னையில் யாரோ ஒரு பதிப்பாளருக்கு என்ன வேண்டுதலோ, ஐந்து புத்தகம், ஐந்தின் தலைப்பிலும் ஓநாய். போலீஸ் அதிகாரி பட்டியலைப் பார்த்தார். ஓநாயைப் பற்றி மேலிடத்திலிருந்து உத்தரவு எதுவும் இல்லாததால் முத்திரை குத்திக் கொடுத்தார். மாலை ஐந்திலிருந்து ஆறு வரை திறந்துவைக்கத் துரையும் சம்மதித்தார்.

சிவானந்தன் ஒரு சட்டம் வைத்திருந்தார். படித்தவர்கள் கருத்துச் சொன்னால்தான் அடுத்த புத்தகம். படிக்கத் தெரியாதவர்களுக்கு அவரே வாசித்துக் காட்டுவார், அவர்களுக்கும் இதே சட்டம்தான். சொல்கிறதை நீளமான ஒரு நோட்டில் எழுதுவார். ஆபீசில் பால் நிறுக்கும் நேரத்தை எழுதி எழுதிப் பழகிய கை, ஆகவே ஒவ்வொன்றுக்கும் தேதியும் மணியும் விழும். எழுதப் படிக்கத் தெரிந்தாலும் கைநாட்டு வைத்தாக வேண்டும். வாசகசாலைக்கு வரும் நல்லசாமி ஒருமுறை தான் சொன்னதையே சொல்லவில்லை என்று சாதித்ததால் வந்த வினை அது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்தால் எதிர்க்கருத்து என்று கீழேயே எழுதி, இருவர் முன்னாலும் வாசித்து, இருவரிடமும் கைநாட்டு வாங்குவார்.

எல்லாவற்றையும்விட ஜனங்களைப் படுத்தியது வேறு. "நல்ல புத்தகம்" என்று சொல்லிவிட்டு யாரும் தப்பிக்க முடியாது. "அது கருத்தில்லை. ஏன் நல்லது எண்டு சொல்லும்" என்பார். காரணம் சொல்லும்வரைக்கும் பெஞ்சில் உட்காரவைத்துவிடுவார். நீலாவதியின் புருஷன் முருகையா வாரத்தில் நாலு நாள் இப்படி உட்கார்ந்துவிட்டு வந்தான். குளிக்க வைத்த வெந்நீர் ஆறிப்போகும், குழம்பு ஆறிப்போகும். அந்தக் கிராணியும் அவர் ஓநாய்களும் நாசமாய்ப் போகட்டும் என்று அவள் வாய்விட்டே திட்டியிருக்கிறாள்.

அந்த வெள்ளிக்கிழமையும் ஆறு மணி ஊரடங்குச் சங்கு ஊதும்போதுதான் வந்தான். முகம் சிவந்திருந்தது.

"சன்னாசியோட சண்ட" என்றான்.

சன்னாசி பக்கத்து வரிசைக்காரர். ஆறு ஆடு வளர்க்கிறார், கம்பியடியில் காவல் நிற்கும் ஹோம் கார்டு வேலையும் பார்க்கிறார். எங்கே, எதற்குச் சண்டை என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மூன்று நாள் அழுகை மிச்சமாகியிருக்கும்.

சனிக்கிழமை காலைப் பெரட்டில், வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற நேரத்தில், போலீஸ் லாரி வந்து நின்றது. முந்தின நாள் சாயங்காலம் அவர்கள் வரிசைக்குப் பின்னால், கம்பிக்கு வெளியே, அரிசியும் ஒரு சார்டின் டின்னும் ஒரு துண்டில் மூட்டையாகக் கட்டிக் கிடந்ததாம். ஐந்து மணிக்கு ரோந்து போனவர்கள் பார்த்தபோது இல்லை, ஆறு மணிக்கு இருந்தது. யார் வைத்தது என்பது இன்றுவரைக்கும் தெரியாது. துண்டு யாருடையது என்பது மட்டும் தெரிந்தது. அடுப்பில் கருகிய மூலையோடு அதை அதிகாரி தூக்கிக் காட்டினார்.

அது முருகையாவின் துண்டு. அதை முள்கம்பியில் காயப்போட்டவள் அவள். கம்பியில் துணி போடக்கூடாது என்று உத்தரவு உண்டு. ஆனால் நெருக்கியடித்த வரிசையில் கொடி கட்ட இடமேது, எல்லாப் பெண்களும் கம்பியில்தான் போட்டார்கள். காற்றில் பறக்காமல் முள்ளே பிடித்துக்கொள்ளும். போகிற போக்கில் யார் வேண்டுமானாலும் உருவிக்கொள்ளலாம்.

"அஞ்சு மணிலேருந்து நான் வாசகசாலையிலதாங்க இருந்தேன்" என்றான் முருகையா.

"யார் பார்த்தது?" என்று கேட்டார் அதிகாரி.

பார்த்தவர்கள் ஐந்தே காலுக்கே புத்தகத்தை மாற்றிக்கொண்டு போய்விட்டவர்கள். அதற்குமேல் தெரியாது என்றார்கள், அது உண்மையும்கூட. கிராணி அன்று விடிகாலைப் பஸ்ஸிலேயே மம்பாவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். சன்னாசி ஹோம் கார்டு கைப்பட்டையோடு அங்கேதான் நின்றார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்ததை நீலாவதி கவனித்தாள். பயமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

லாரி போய்விட்டது. இரண்டு வருஷம் விசாரணையில்லாமல் உள்ளே வைப்பார்கள், பிறகு கப்பலேற்றி நாகப்பட்டினத்தில் இறக்கிவிடுவார்கள். இது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. முருகையா இதே தோட்டத்தில் மூன்றாம் லயத்தில் பிறந்தவன். கடலையே பார்த்திராதவனை எந்த ஊருக்குக் கப்பலேற்றுவது? அந்த இரண்டு நாளும் பக்கத்து வீட்டு மயிலம்மாள்தான் அவளை இழுத்துவைத்துக் கஞ்சி ஊட்டினாள். அந்தக் கஞ்சியின் உப்பு இன்னும் நாக்கில் இருப்பதாக நீலாவதி சொல்வாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிராணி பஸ்ஸைவிட்டு இறங்கியபோது அவர் வீட்டுப் படியில் நீலாவதி நின்றாள். அதுவரை அந்தப் படியை அவள் மிதித்ததில்லை. விஷயத்தைக் கேட்டதும் அவர் பையைக்கூட வைக்காமல் வாசகசாலைக்கு ஓடி நோட்டை எடுத்துவந்தார். பக்கத்தைப் புரட்டி வாசித்தார்.

"மூன்று கால் ஓநாய். முருகையா, பதினான்காம் நம்பர் வீடு. ஓநாய் பொல்லாதது என்று புத்தகம் முழுக்கச் சொல்கிறார்கள். அது காட்டில் மான் பிடித்துப் பிழைத்த ஓநாய். பொறியில் ஒரு கால் போன பிறகுதான் ஆட்டுக்கு வருகிறது. பசிக்குத்தானே வருகிறது. துப்பாக்கி வாங்க ஓடிய நேரத்தில் ஊர்க்காரர்கள் வேலிக்கு வெளியே ஒரு பிடி சோறு வைத்திருந்தால் இத்தனை சாவு இல்லை. மாலை ஐந்து இருபத்தைந்து."

வாசித்து முடித்தவர் நோட்டை மூடிவிட்டார்.

"பிள்ளை, இதைக் கொண்டுபோய்க் காட்டினா உன்ர புருஷனை இதுவே விழுத்திப்போடும். வேலிக்கு வெளியே சோறு வையுங்கோ எண்டு அவன் சொல்ல, என்ர கையெழுத்தில எழுதியிருக்கு. என்னையும் சேர்த்துக் கொண்டுபோவினம்."

"அப்ப என்னங்க பண்றது?"

"புது நோட்டு ஒண்டு போடுறன். அதே திகதி, அதே நேரம். முருகையா, 'நல்ல புத்தகம்.' அவ்வளவுதான்."

உயிர் போனாலும் அந்த இரண்டு வார்த்தையை எழுதமாட்டேன் என்றிருந்த மனுஷன் அதைச் சொன்னார். அவர் எவ்வளவு பயந்திருக்கிறார் என்று அப்போதுதான் நீலாவதிக்குத் தெரிந்தது. அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷத்தில் போய்விட்டது. ஆனால் கைநாட்டு? புது நோட்டுக்கு முருகையாவின் பெருவிரலுக்கு எங்கே போவது?

"மத்தவங்க என்ன சொல்லியிருக்காங்கன்னு கொஞ்சம் படிங்க ஐயா" என்றாள். ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. யோசிக்க நேரம் வேண்டியிருந்தது.

கிராணி முதல் பக்கத்திலிருந்து வாசித்தார்.

"ஓநாய்க் கணவாய். நல்லசாமி. மொத்தம் இருநூறு பக்கம். ஓநாய் நூற்றெண்பதாம் பக்கத்தில் வருகிறது. அதுவரை ஒரு வெள்ளைக்காரர் குதிரைக்குத் தண்ணீர் காட்டுகிறார். தலைப்பில் ஓநாயைப் போட்டுவிட்டு உள்ளே குதிரையைக் காட்டுவது நியாயமில்லை."

"பனிக்காட்டு ஓநாய். மயிலம்மாள், வாசிக்கக் கேட்டது. இதில் ஒரு ஆள் பனியில் நின்று விறைத்துச் செத்துப்போகிறான். நாங்கள் தினமும் விடியற்காலைப் பனியில்தான் மரம் வெட்டுகிறோம். சளி பிடிக்கும், சாவு வராது. எழுதியவர் வெளியே இறங்கி வேலை செய்யாதவர்."

"ஓநாய் மாப்பிள்ளை. முனியாண்டி. பெண் வீட்டார் முதலிலேயே நன்றாக விசாரித்திருக்கவேண்டும்."

"ஆற்றங்கரை ஓநாய். ராமசாமி. ஒரு கோழியைப் பிடிக்க இந்த ஓநாய்க்கு மூன்று அத்தியாயம் ஆகிறது. போன வருஷம் எங்கள் மலைக்காட்டுக்கு வந்த புலியாக இருந்தால் பத்துப் பக்கத்தில் முடிந்திருக்கும். ஆனாலும் ஓநாயின் பொறுமை பிடித்தது. மறுபடியும் வாசிக்கச் சொல்லிக் கேட்பேன்."

நீலாவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள். பெரட்டில் பெயர் கூப்பிட்டால் 'ஐயா' என்பதைத் தவிர வாயே திறக்காத சனம் அது. கேட்டில் உடம்பைத் தடவிப் பார்க்கும்போதுகூடப் பேசாது. இங்கே மட்டும் மனசில் பட்டதைச் சொல்லி, பயமில்லாமல் பெருவிரலை அழுத்திவைத்திருந்தது. இவர் உட்காரவைத்துப் பிடுங்காவிட்டால் இதில் ஒரு வரியும் வந்திருக்காது.

"மாத்தாதீங்க ஐயா. உள்ளத உள்ளபடியே கொண்டுபோவோம்."

கிராணி முருகையாவின் பக்கத்தைத் திரும்ப எடுத்தார். அதன் கீழ்ப்பகுதியை அப்போதுதான் அவளுக்கு வாசித்தார்.

"எதிர்க்கருத்து. சன்னாசி, ஆறாம் நம்பர் வீடு. இதைச் சொன்னவன் ஆடு வளர்த்ததில்லை. நான் வளர்க்கிறேன். சோறு வைத்தால் ஓநாய் சோற்றையும் தின்னும், ஆட்டையும் தின்னும். எழுதியவர் கடைசியில் அதைச் சுட்டது சரி. முதல் அத்தியாயத்திலேயே சுட்டிருந்தால் புத்தகமும் சிறிதாக முடிந்திருக்கும். மாலை ஐந்து ஐம்பத்தைந்து. இருவருக்கும் வாசித்துக் காட்டப்பட்டது. இருவரும் ஒத்துக்கொள்ளவில்லை."

கீழே இரண்டு பெருவிரல்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

"சன்னாசியண்ணனும் இருந்தாரா? அன்னைக்கிப் பக்கத்துலயே நின்னு வாயத் தொறக்கலியே?"

"அஞ்சரைக்கு அவர் பின்பக்கக் கம்பியடியில காவல் நிண்டிருக்கவேணும், பிள்ளை" என்றார் கிராணி. "இதைக் காட்டினா அவற்ற வேலையும் போகும்."

அவர் ஆறு மணிக்குள் வீட்டுக்குப் போகச் சொல்லி அவளை அனுப்பிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு ஆறாம் நம்பர் வீட்டுப் பக்கம் நடந்தார். என்ன பேசினாரோ தெரியாது.

திங்கட்கிழமை காலை நீலாவதியும் கிராணியும் கேட்டுக்கு வந்தபோது சன்னாசி முன்னதாகவே அங்கே நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. கையில் கைப்பட்டை நாலாக மடித்திருந்தது.

"அண்ணே" என்றாள் அவள்.

"ஒண்ணும் பேசாத தங்கச்சி. ரெண்டு நாளா சோறு எறங்கல. பஸ் வருது, ஏறு."

டவுன் ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் அமிர்தலிங்கம் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர். கிராணியைப் போல யாழ்ப்பாணத்துக்காரர்தான், அதற்காகச் சிரித்துவிடவில்லை. நோட்டை முழுவதும் வாசித்தார். முனியாண்டியின் பக்கத்தில் அவர் உதடு லேசாக இழுபட்டது, உடனே சரிசெய்துகொண்டார். முருகையாவின் அடையாளக் கார்டை வரவழைத்து, அதிலிருந்த பெருவிரல் ரேகையையும் நோட்டிலிருந்ததையும் பூதக்கண்ணாடியில் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு நோட்டை நீலாவதி பக்கம் திருப்பி, அவளுக்குப் படிக்கத் தெரியாத வரியில் விரலை வைத்தார்.

"ரேகை சரி. ஆனா வேலிக்கு வெளியே சோறு வைக்கவேணும் எண்டு சொல்லியிருக்கிறான். அதே மணித்தியாலத்தில வேலிக்கு வெளியே அரிசி கிடந்திருக்கு. நான் என்ன நினைக்கவேணும்?"

நீலாவதி முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, துண்ட கம்பியில போட்டது நானு. அந்தத் தப்பு என்னுது. அரிசிய அவரு வெச்சிருந்தா, ஹோம் கார்டு மூஞ்சிக்கு நேரா சோறு வைக்கணும்னு சொல்லிட்டு, மணியும் எழுதச் சொல்லி, கைநாட்டும் வெப்பாருங்களா? ஒளிக்கிறவன் 'நல்ல புத்தகம்'னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிருப்பான்."

சப்-இன்ஸ்பெக்டர் சன்னாசியைப் பார்த்தார்.

"அஞ்சே கால்லேருந்து அவன்கூட நாந்தாங்க சண்ட போட்டுக்கிட்டிருந்தேன்" என்றார் சன்னாசி. "சங்கு ஊதையில அவன் வீட்டு வாசல் வரைக்கும் சண்ட போட்டுக்கிட்டேதான் போனோம். அதுக்கப்புறந்தான் கம்பிக்கு ஓடுனேன், மூட்டையும் கெடந்திச்சு. காவல விட்டது என் தப்பு, அதான் அன்னைக்கி வாயப் பொத்திக்கிட்டேன். என் வேல போயிருமேன்னு அவனும் என் பேரச் சொல்லலங்க." மடித்த கைப்பட்டையை மேசைமேல் வைத்தார். "அவன் சொன்னது தப்புத்தாங்க, ஓநாயச் சுடத்தான் வேணும், அதுல மாத்தமில்ல. ஆனா அவன் அங்கதான் இருந்தான்."

மேலே யார் யாரிடமோ போன் பேசினார்கள். கிராணி இரண்டு தாளில் எழுதிக் கொடுத்தார். சன்னாசியின் கைப்பட்டை அங்கேயே தங்கிவிட்டது, நோட்டு திரும்பி வந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு முருகையா வெளியே வந்தான். மூன்று நாளில் ஆள் பாதியாகியிருந்தான். நீலாவதியைப் பார்த்தான், கிராணியைக் கும்பிட்டான், சன்னாசியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

"அண்ணே, ஒங்க வேல."

"போவுது. இனி ஆட்டப் பாத்துக்கலாம்லா."

திரும்பிவந்த பஸ்ஸில் நாலு பேரும் ஒரே சீட்டு வரிசையில் உட்கார்ந்தார்கள். பாதி தூரம் போனதும், மூன்று கால் இருக்கிற ஓநாய் ஆட்டை எப்படித் துரத்தும் என்று முருகையா மெதுவாகக் கேட்டான். சன்னாசி திரும்பி உட்கார்ந்தார். தோட்டத்துக் கேட்டு வரும்வரை அது ஓயவில்லை. இத்தனை நாள் தன் குழம்பை ஆறவைத்த அந்தச் சண்டையை நீலாவதி அன்று முழுவதுமாகக் கேட்டாள். கேட்கக் கேட்க மனசு நிறைந்தது.

மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் வாசகசாலைக்குப் போனாள். குளித்து, தலைவாரி, கோயிலுக்குப் போகிற சேலையைக் கட்டியிருந்தாள். நல்லசாமி இருந்தான், மயிலம்மாள் இருந்தாள், ராமசாமி அதே ஆற்றங்கரை ஓநாயை இரண்டாவது தடவை கேட்டுக்கொண்டிருந்தார். சிவானந்தன் வாசிப்பை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன பிள்ளை, புத்தகம் எடுக்கப்போறியா?"

"கருத்துச் சொல்ல வந்தேங்க."

"என்ன புத்தகத்துக்கு?"

"எனக்குப் படிக்கத் தெரியாது. நீங்க எனக்குப் படிச்சுக் காட்டுனது இந்த நோட்டு ஒண்ணுதான். அதுக்குத்தான்."

அவர் பேனாவை எடுத்தார். வழியெல்லாம் அவள் எவ்வளவோ சேர்த்துவைத்துக்கொண்டு வந்திருந்தாள். அவர் நாசமாய்ப் போகட்டும் என்று திட்டியதைச் சொல்லவேண்டும், மன்னிப்புக் கேட்கவேண்டும், மயிலம்மாளின் கஞ்சியைச் சொல்லவேண்டும், மடித்த கைப்பட்டையைச் சொல்லவேண்டும். எல்லாம் ஒன்றாகக் கிளம்பி வந்ததில் எதை முதலில் சொல்வதென்று தெரியவில்லை.

"நல்ல புத்தகம்" என்றாள்.

பெஞ்சில் இருந்தவர்கள் கிராணியைப் பார்த்தார்கள். நல்லசாமி அவளுக்கு இடம் விட்டு நகர்ந்துகூட உட்கார்ந்தான், எப்படியும் அரை மணி நேரம் உட்காரவேண்டியிருக்குமே என்று. சிவானந்தன் குனிந்து, நீலாவதி, பதினான்காம் நம்பர் வீடு, நல்ல புத்தகம் என்று எழுதினார். தேதி போட்டார், மணி போட்டார். ஏன் என்று கேட்காமல் மைப்பெட்டியை அவள் பக்கம் தள்ளிவைத்தார்.